சேர் கிளெமென்ட் பதினொரு தடவை பார்த்த கலியாணம்

மேடையில் அமர்ந்திருந்த முதியவரின் கோட்டு மடிப்பில் சிறிய ஒலிவாங்கியைக் குத்திவிட்டபோது உமாபதிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. எண்பத்து நான்கு வயது. வெளிறிய தோல். நடுங்கும் விரல்கள். குனிந்து நின்ற உமாபதிக்கு ஜேர்மன் மொழியில் மெல்லிய குரலில் நன்றி சொன்னார். வேலைக்காரனுக்கும் நன்றி சொல்லப் பழகிய வாய் அது. நல்ல மனிதர் என்று எண்ணிக்கொண்டு உமாபதி தன் கமெராவுக்குத் திரும்பினார்.

நாற்பது ஆண்டுகளாக மணமேடைகளையும் பிறந்தநாள் விழாக்களையும் சாவீடுகளையும் படம் பிடித்த கை அவருடையது. ஹம் நகரிலிருந்து கொலோன் வரை தமிழர் வீடுகளில் அவர் எடுத்த படம் இல்லாத வீடு அரிது. இந்த வேலையைப் பிடித்துத் தந்தவள் மகள் தேனுஜா. கொலோனில் ஓர் அறக்கட்டளையில் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்பவள்.

"அப்பா, கலியாண வீட்டிலை ஓடித்திரியிற மாதிரி இஞ்சை ஓட வேண்டாம். ஒரு கிழவர் ஒரு மணித்தியாலம் கதைப்பார். கமெராவை ஸ்ராண்டிலை பூட்டிப்போட்டுப் பேசாமல் நில்லுங்கோ."

"ஆர் பிள்ளை கிழவர்?"

"சேர் கிளெமென்ட் ஹார்வுட். இங்கிலாந்திலை உளவுத்துறைத் தலைவரா இருந்தவர். தன்ர வாழ்க்கையைப் புத்தகமா எழுதியிருக்கிறார்."

"உளவுகாரன் ஏன் புத்தகம் எழுதுறான்? வாயை மூடிக்கொண்டிருக்கத்தானே அவனுக்குச் சம்பளம் குடுத்தவை?"

"பென்சன் வந்தாப் பிறகு திறக்கலாம் போலை. நீங்கள் உங்கட வாயை மூடிக்கொண்டு கமெராவைப் பாருங்கோ."

ஜனவரி மாதத்துப் பிற்பகல். ஐந்து மணிக்கே யன்னல்கள் கறுத்துவிட்டன. இருநூறு பேர் ஈரமான மேலங்கிகளை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார்கள். சேர் கிளெமென்ட் குறிப்புத்தாள் இல்லாமல் பேசினார்.

மழையும் நிலக்கரிப் புகையும் தவிர வேறு விளைச்சல் இல்லாத வட இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் அவர். தகப்பனுக்கு வந்த கடிதங்களை நீராவி காட்டிப் பிரித்துப் படித்துத் திரும்ப ஒட்டியதே தன் முதற் பயிற்சி என்றார். மண்டபம் சிரித்தது. உதவிப்பணத்தில் பல்கலைக்கழகம், அங்கே ஜேர்மன் இலக்கியம். ஒருநாள் பேராசிரியர் ஒருவர் தேநீருக்கு அழைத்தாராம். தேநீர் ஆறுவதற்கு முன் வேலை கிடைத்துவிட்டதாம். பெர்லினில் மதில் நின்ற காலத்தில், பூக்கடை ஒன்றின் மேல்மாடியில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார். எதிர்வீட்டுக் குழந்தைக்கு முதற் பல் முளைத்த நாள் தனக்குத் தெரியும், தன் மகனுக்கு முளைத்த நாள் தெரியாது என்றார். அதற்கு மண்டபம் சிரிக்கவில்லை. பிறகு மேற்கு ஜேர்மனியின் தலைநகராயிருந்த பொன், பிறகு இலண்டன். படிப்படியாக ஏறி, கடைசி நான்கு ஆண்டுகள் தன் துறையின் உச்சி நாற்காலி. அரசியின் முன் முழந்தாளிட்டுப் பெற்ற 'சேர்' பட்டம். பட்டம் வந்த ஆண்டிலேயே மனைவி பிரிந்து போய்விட்டார். மகன் கனடாவில் இருக்கிறான், தொலைபேசி எடுப்பதில்லை.

நிகழ்ச்சியை நடத்திய பெண்மணி கேட்டார்: "உங்கள் தொழிலில் நீங்கள் மிகவும் பெருமைப்படும் வேலை எது?"

சேர் கிளெமென்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழுத்துப்பட்டியின் நுனியால் முதலில் இடக்கண்ணாடியையும் பிறகு வலக்கண்ணாடியையும் துடைத்தார்.

கமெராவின் சிறு திரையில் உமாபதி அந்தக் கைகளைக் கிட்டவாக இழுத்துப் பார்த்தார். இந்தக் கைகளை அவர் பார்த்திருக்கிறார். தேநீர்க் கோப்பையின் ஆவி கண்ணாடியில் படிய, இதே கழுத்துப்பட்டி நுனியால், இதே ஒழுங்கில் துடைத்த கைகள்.

"ஒரு கலியாணம்," என்றார் சேர் கிளெமென்ட். "தொண்ணூறுகளில், இந்த நாட்டில், அகதிகளாக வந்த ஒரு சமூகத்தின் கலியாணம். அவர்களிடம் ஓர் அழகான வழக்கம் இருந்தது. கலியாணத்துக்கு வந்த ஒவ்வொரு முகத்தையும் வரிசை வரிசையாக, பந்தி பந்தியாகப் படம் பிடிப்பார்கள். அந்த ஒளிநாடா ஊருக்குப் போகும். ஊரில் இருப்பவர்கள் யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு முகம் விடுபட்டாலும் மனத்தாங்கல். அப்படியொரு குடிசன மதிப்பீட்டை எந்த அரசும் எடுத்ததில்லை. நாங்கள் பூட்டுகளை உடைக்கவில்லை. சடங்குகளை ஆராயும் கலாநிதி என்று சொல்லிக்கொண்டு நான் போனேன். படம் எடுத்தவர் பிரதி எடுத்துத் தந்தார். பணம் வாங்க மறுத்தார். இரண்டு பிற்பகல்கள் என் பக்கத்தில் அமர்ந்து, இது இன்னார், இன்ன ஊர், இன்னாருக்கு மைத்துனர் என்று ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார். போகும்போது ஒரு தட்டுப் பலகாரமும் தந்தார்."

மண்டபம் வாய்விட்டுச் சிரித்தது.

"இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வேறொருவரின் கடவுச்சீட்டில் இலண்டனுக்கு வந்துபோன ஒரு மனிதரின் முகம் எங்களிடம் இருந்தது, பெயர் இல்லை. நாடாவின் மூன்றாவது மணித்தியாலத்தில், பாயசக் கிண்ணத்தோடு, அவர் கமெராவை நேராகப் பார்த்துச் சிரித்தார். அடுத்த தடவை அவர் கப்பலை விட்டு இறங்கியபோது அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லி வரவேற்றோம். அவர் தம் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் நடந்தது எங்கள் கையில் இருக்கவில்லை." சற்றே நிறுத்தினார். "அந்த நாடாதான் என்னை மேலே ஏற்றியது."

அந்தக் கலியாணம், உமாபதி படம் பிடித்த தேவமலரின் கலியாணம். பாயசக் கிண்ணத்தோடு சிரித்தவர் அவளுடைய தமையன் இராசலிங்கம். பலகாரத் தட்டைக் கொடுத்த கை, இந்தக் கணத்தில் கமெராவைப் பிடித்துக்கொண்டிருந்த கை.

வாசகரே, அந்தக் கையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிவிடாதீர்கள். அன்றைக்கு நம்மில் எவர் வீட்டுக் கதவை அந்த வெள்ளைக்காரர் தட்டியிருந்தாலும் நாம் என்ன செய்திருப்போம்? கோப்பை கழுவியும் குப்பை கூட்டியும் நிமிர முடியாதிருந்த நாளில், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து உங்கள் சடங்கு உயர்ந்தது, அதை நான் ஆராய வேண்டும் என்று சொன்னால் நமக்கு நெஞ்சு நிமிராதா? நிமிர்ந்தது. ஆயிரம் ஆண்டுப் பண்பாடு என்று நாம் மேடை போட்டு முழங்கியது போதாமல், வெள்ளை வாய் ஒன்று அதை மெச்ச வேண்டும் என்று ஏங்கினோம். அந்த ஏக்கத்தின் விலை என்ன என்பதை உமாபதி அன்று பிற்பகல் இருநூறு பேரின் சிரிப்புக்கு நடுவே அறிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்தது. புத்தகத்தில் ஒப்பம் வாங்க வரிசை நின்றது. வரிசை கரையும்வரை காத்திருந்து, ஒலிவாங்கியைக் கழற்றுவதற்காக உமாபதி மேடையேறினார். குனிந்தார். ஆனால் கழற்றவில்லை.

"கலாநிதி பீட்டர்," என்றார்.

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களில் திகைப்பு இல்லை. கோப்பு ஒன்றை இறாக்கையிலிருந்து எடுப்பது போல ஓர் அமைதி.

"பயறும் சர்க்கரையும் சேர்ந்த ஒன்று," என்றார். "மஞ்சள் நிறத்தில் மாவு தோய்த்துப் பொரித்தது. அதன் பெயரைக் குறித்து வைத்திருந்தேன்."

"இராசலிங்கத்தைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது? கப்பல்துறைக்குக் காரில் ஏற்றிப்போனவரா?" உமாபதியின் ஜேர்மன் தடுமாறியது.

"ஏற்றிப்போனவரா? அப்படி ஒருவர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. உளவு சொல்ல ஒருவன் கிடைத்திருந்தால் நான் ஏன் அந்தக் கலியாணத்தைப் பதினொரு தடவை பார்க்க வேண்டும்?" தன் கையை உமாபதியின் கைமேல் வைத்தார். "உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அதனால்தான் அது எங்களுக்கு அவ்வளவு பயன்பட்டது."

உமாபதி கையை இழுத்துக்கொண்டார். ஒலிவாங்கியைக் கழற்றினார். அதன் விளக்கு இன்னும் பச்சையாகவே எரிந்தது. பேசிய சொற்கள் அத்தனையும் பதிவாகியிருந்தன.

அன்று ஹம் நகருக்குத் திரும்பிய தொடருந்தில் உமாபதி நினைத்தது இராசலிங்கத்தை அல்ல, யோசேப்பை.

இராசலிங்கம் பையில் என்ன கொண்டுபோனார் என்பது பற்றி ஊர் பல கதை சொல்லும். மனைவி சிவமலருக்குத் தெரிந்தது, திரும்பி வரும்போது மருந்தும் பிறர் வீட்டுக் கடிதங்களும் கொண்டுவந்தார் என்பது மட்டும். அவர் கொழும்பு விமான நிலையத்தில் இறக்கப்பட்டதைக் கண்டவர் உண்டு. அங்கிருந்து வெளியே வந்ததைக் கண்டவர் இல்லை. அவரைக் கடைசியாகக் கப்பல்துறையில் இறக்கிவிட்டவர் மன்னாரிலிருந்து வந்த யோசேப்பு. பயணநாள் யோசேப்புக்கு மட்டுமே தெரியும். போதாதா? ஒரே கிழமையில் தீர்ப்பு எழுதப்பட்டது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, கேள்வி இல்லை. "காட்டிக்கொடுத்தவன்" என்று தலைப்பிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று கையிலிருந்து கைக்குப் போனது. அடித்தவர் பெயர் அதில் இல்லை. அந்நாளிலிருந்து யோசேப்பின் வீட்டுக்கு அழைப்பிதழ் போகவில்லை. அவருடைய மகள் யூலியா தேவாலயத்தில் முதல் நன்மை பெற்ற விழாவுக்கு வாங்கிய இனிப்பு பெட்டியோடு மிஞ்சியது. அவருடைய மனைவி டொறத்தி புற்றுநோயில் இறந்தபோது கல்லறைக்கு வந்தவர் ஒன்பது பேர். அவர்களில் நால்வர் ஜேர்மன்காரர்.

உமாபதியும் போகவில்லை. அது மட்டுமல்ல. பிரசுரம் வந்த அந்த மாதத்தில் ஒவ்வொருவராக அவருடைய கடைக்கு வந்தார்கள்.

"அண்ணை, அவன்ர மூஞ்சை எங்கட கலியாணக் கசெற்றிலை இருக்கக்கூடாது. வெட்டித் தாங்கோ."

வெட்டிக் கொடுத்தார். பதினேழு கலியாணங்களிலிருந்து யோசேப்பை வெட்டினார். பந்தியில் சோறு பரிமாறும் யோசேப்பு, மாப்பிள்ளையின் தலைப்பாகையைச் சரிசெய்யும் யோசேப்பு, குழந்தைகளுக்குப் பலூன் ஊதும் யோசேப்பு. அவ்வளவு நுட்பமாக வெட்டினார், பாட்டு எங்கும் தடுக்கவில்லை. தன் தொழில்திறமையை எண்ணி அப்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றாம் நாள் சிவமலரின் வீட்டு மணியை அழுத்தினார். மூன்றாம் மாடி. அறுபத்து நான்கு வயதிலும் நெற்றியில் பொட்டோடு கதவைத் திறந்தாள். உடலைக் காணாதவள் பொட்டை அழிப்பதில்லை. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் அவள் வைக்கும் அந்தப் பொட்டு, அவர் எங்கோ இருக்கிறார் என்று அவள் எழுதிவைக்கும் விண்ணப்பம்.

"வாங்கோ உமாபதி அண்ணை. என்ன, முகம் ஒரு மாதிரி? பிரஷரோ?"

"இரு தங்கச்சி. ஒண்டு கேக்கவேணும் நீ."

மடிக்கணினியைத் திறந்தார். மருத்துவமனைச் சலவையகத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தவளுக்கு ஜேர்மன் நன்றாக விளங்கும். மேடைப் பேச்சைக் கேட்டாள். பிறகு, படம் இல்லாமல், குரல் மட்டும் பதிவான அந்தக் கடைசிப் பேச்சையும் கேட்டாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றும் சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. எழுந்துபோய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ. அவர் சிரிச்சார் எண்டு சொல்லுற இடம்."

போட்டார்.

"பாயசம் அவருக்குப் பிடிக்காது," என்றாள். "தங்கச்சியின்ர கலியாணம் எண்டு குடிச்சவர்."

மடிக்கணினியை மெல்ல மூடினாள். பிறகு, "அப்ப யோசேப்பு?" என்றாள்.

"அவனில்லை. அவன் ஒண்டும் செய்யேல்லை. செய்தது நான்."

"அந்த நோட்டீசை முதல்லை குடுத்தது ஆரெண்டு தெரியுமோ அண்ணை? நான். ஒரு சாமத்திய வீட்டு வாசல்லை நிண்டு, வாற ஆக்களின்ர கையிலை சந்தனத்தோட சேர்த்துக் குடுத்தனான். டொறத்தியும் வந்தவள். அவளின்ர கையிலையும் வைச்சனான். அவள் வாசிச்சுப்போட்டு என்ரை முகத்தைப் பாத்தாள். ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"தங்கச்சி, வாற மாசம் நினைவுநாள். சபையிலை இதைப் போடப்போறன்."

"நீங்கள் சொல்லிப்போட்டு உங்கட பாரத்தை இறக்கிறியள். நான் என்ரையை எங்கை கொண்டுபோய் இறக்கிறது?"

உமாபதி மடிக்கணினியைப் பையில் வைத்தார்.

"போடுங்கோ," என்றாள் கடைசியில். "போடத்தான் வேணும். ஆனா நான் வரமாட்டன்."

பெப்ரவரி மாதத்து ஞாயிறு. ஹம் நகரில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். ஆண்டுதோறும் இராசலிங்கத்தின் நினைவுநாளில் அவருடைய படங்களைத் திரையில் ஓட்டுவது உமாபதியின் பணி. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நூற்றிருபது பேர். சங்கத் தலைவர் கிருஷ்ணசாமி கவிதை வாசித்து அமர்ந்தார். விளக்குகள் அணைந்தன. திரையில் இராசலிங்கம் வரவில்லை. சேர் கிளெமென்ட் வந்தார்.

முதலில் குழப்பம். பிறகு முணுமுணுப்பு. "பதினொரு தடவை" என்ற சொல்லோடு பதிவு முடிந்தது. உமாபதி விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"கசெற்றைக் குடுத்தது நான். பேர் சொன்னதும் நான். யோசேப்பு இல்லை. முப்பது வருசம் நாங்கள் ஒரு அப்பாவியைத் தள்ளி வைச்சிருக்கிறம். இண்டைக்கே அவன்ரை வீட்டுக்கு எல்லாரும் போவம். மன்னிப்புக் கேப்பம். வாங்கோ."

ஒருவரும் எழவில்லை.

"அண்ணை, உதை நீங்கள் கமிட்டியிலையெல்லோ முதல்லை சொல்லியிருக்கவேணும்," என்றார் கிருஷ்ணசாமி. "நினைவுநாளிலை வந்து இப்பிடிச் செய்யிறது முறையில்லை."

"முறையோ? நோட்டீஸ் அடிக்கேக்கை எந்தக் கமிட்டி கூடினது, கிருஷ்ணசாமி?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வெள்ளைக்காரன் சொன்னால் அது வேதமோ? தன்ர ஆளை அவன் காட்டிக்குடுப்பானோ?"

"அதுதானே. ஆள் இல்லை எண்டு சொல்லுறதுதானே அவங்களின்ர வேலை."

"இவரும் யோசேப்பும் அந்த நாளையிலை ஒரே றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினவையெல்லோ?"

"ஓமோம், ஒரே அறையிலை இருந்தவை."

"பாருங்கோவன். ஒருத்தன் பேர் குடுத்திருக்கிறான், மற்றவன் ஆளைக் குடுத்திருக்கிறான்."

தேநீரும் வடையும் பரிமாறி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு மனிதன் குற்றமற்றவன் என்று கேட்ட மாத்திரத்தில் அந்தச் சபை செய்தது என்ன? தான் எறிந்த பழியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதை இரண்டாகப் பெருக்கியது! உண்மையைக் கண்டு ஊர் அஞ்சவில்லை. தான் முப்பது ஆண்டு தவறியிருந்தோம் என்று ஒப்புவதற்கே அஞ்சியது. ஒப்பினால் ஒன்பது பேர் மட்டும் வந்த அந்தக் கல்லறையை நினைக்க வேண்டும். மிஞ்சிய இனிப்பை நினைக்க வேண்டும். அதைவிடத் துரோகிகள் இருவர் என்று முடிப்பது எளிது; வடையும் இறங்கும். நாட்டை விட்டோம், கடல் கடந்தோம், மொழி மாற்றினோம், உடை மாற்றினோம். ஆனால் கேளாமல் தீர்ப்பு எழுதும் அந்தக் கையை மட்டும் நாம் எந்த விமான நிலையத்திலும் விட்டுவரவில்லை.

உமாபதி கமெராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியே வெளியேறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்து ஏறி நகரின் ஓரத்திலிருந்த ஊன்ட்றொப் பக்கம் போனார். கால்வாய்க்கு அருகே தரைத்தள வீடு ஒன்றில் யோசேப்பு இருந்தார்.

கதவைத் திறந்தவள் யூலியா. நாற்பதை நெருங்குகிறவள். அவரை யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆர் நீங்கள்? டெர்மின் ஏதும் இருக்கோ, அப்பா வரச் சொன்னவரோ?"

"அப்பாவைப் பாக்கவேணும் பிள்ளை. உமாபதி எண்டு சொல்லுங்கோ."

அவள் உள்ளே போய்க் கதைத்தது கேட்டது. பிறகு யோசேப்பு வந்தார். எழுபத்தொரு வயது, பொல்லு ஊன்றியிருந்தார். முழங்கை வரை மடித்த பழைய கம்பளிச் சட்டை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வரச் சொல்லவில்லை.

"கேள்விப்பட்டிட்டன்," என்றார். "முப்பது வருசத்துக்குப் பிறகு என்ரை ரெலிபோன் இண்டைக்குத்தான் தமிழிலை அடிச்சது. பேர் சொல்லேல்லை. உன்ரை கூட்டாளி வாறானாம், கதவைத் திற எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாங்கள்."

"யோசேப்பு, நான்..."

"நீ ஆரைக் கேட்டுச் சொன்னனீ?"

"உன்ரை பேரைத் துடைக்கவேணும் எண்டு..."

"துடைச்சதோ?"

உமாபதி கையிலிருந்த கமெராப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நேற்றுவரைக்கும் நான் தனிய ஒரு துரோகி," என்றார் யோசேப்பு. "ஆக்களும் மறந்துகொண்டு வந்தவை. கடையிலை ஒரு பெடிச்சி போன கிழமை எனக்கு வணக்கம் சொன்னவள். இப்ப நீ வந்து எனக்கொரு கூட்டாளியைத் தந்திருக்கிறாய். உன்னை உள்ளுக்கை கூப்பிட்டு ரீ தந்தால், நாளைக்கு அதுக்கும் ஒரு கதை வரும்."

"மன்னிச்சுக்கொள் எண்டு கேக்க எனக்கு வாய் இல்லை."

"கேக்காதை. எனக்கு மன்னிப்பு வேண்டாம்." பொல்லை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நீ ஒரு வேலை செய். என்னை வெட்டினாய். சரி. கடையிலை நிண்டு காசு குடுத்து வெட்டுவிச்சவையின்ர பேரும் எனக்குத் தெரியும். ஆனா எல்லாக் கலியாணத்திலையும் டொறத்தி என்ரை பக்கத்திலை நிண்டவள். என்னை வெட்டேக்கை அவளும் போட்டாளெல்லோ?"

"ஓம்."

"அவளிட்டை கமெரா வாங்க வசதி இருக்கேல்லை. ஆல்பத்திலை ஆறு படம் இருக்கு. ஆறிலும் அசையாமல் நிக்கிறாள். யூலியாவின்ர பிள்ளையள் கேக்குதுகள், அம்மம்மா எப்பிடிச் சிரிப்பா, எப்பிடி நடப்பா எண்டு. நான் எப்பிடிச் செய்துகாட்டுறது? வெட்டின துண்டுகளை எங்கை வைச்சிருக்கிறாய்? அதைத் தா. அது போதும் எனக்கு."

அதைத்தான் உமாபதியால் கொடுக்க முடியாது. வெறும் நாடா வாங்குவது அந்நாளில் பெரிய செலவு. ஒரு கலியாணத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்ததும், அவர்கள் கொண்டுவந்த பழைய நாடாவின் மேலும் கமெராவிலிருந்து வந்த மூலநாடாவின் மேலும் அடுத்த கலியாணத்தைப் பதிவுசெய்வார். டொறத்தியின் சிரிப்பின் மேல் வேறொரு மணப்பெண் தாலி கட்டிக்கொண்டாள். அவளுக்கு மேல் இன்னொருத்தி. ஊருக்குப் போன பிரதிகளோ போரில் வீடுகளோடு எரிந்துபோயின.

அவர் அதைச் சொன்னார். மறைக்கவில்லை. யோசேப்பு கேட்டுக்கொண்டு நின்றார். தூறல் உமாபதியின் முதுகை நனைத்தது.

"ஒண்டும் இல்லையோ?"

அப்போதுதான் உமாபதிக்கு அது உறைத்தது. வெட்டுவதற்கு முன்னரே எடுத்த ஒரு பிரதி உண்டு. தேவமலரின் கலியாணம்; முழுதாக மூன்று மணி நாற்பது நிமிடம்; ஒரு முகமும் விடுபடாதது. பந்தியில் டொறத்தி யாருக்கோ அப்பளம் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடினாள். அந்தக் காட்சி அவருக்கு இப்போதும் கண்ணுக்குள் இருந்தது. உலகத்தில் டொறத்தி இன்னும் அசைகின்ற ஒரே இடம், இலண்டனில் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அலுவலகத்தின் இறாக்கை.

"ஒரு இடத்திலை இருக்கு," என்றார். "எழுதிக் கேக்கிறன்."

தேனுஜா கடிதத்தை எழுதினாள். மூன்று தடவை கிழித்து எழுதினாள். அரசியல் வேண்டாம், பழி வேண்டாம், ஒரு பெண் சிரிக்கும் சில நொடிகள் மட்டும் வேண்டும், ஏனையதை அழித்துவிட்டுத் தந்தாலும் போதும் என்று சேர் கிளெமென்டுக்கு எழுதினாள். பெப்ரவரி போனது. மார்ச் போனது. உமாபதியின் கடைக்கு ஒப்புக்கொண்டிருந்த நான்கு கலியாணங்களும் வேறு படப்பிடிப்பாளரிடம் போயின. ஒருவரும் காரணம் சொல்லவில்லை. ஐந்தாவது வீட்டுக்காரர் மட்டும் தொலைபேசி எடுத்து, "அண்ணை, ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம், குறை நினைக்காதேங்கோ," என்றார்.

சித்திரை பிறந்த பிறகு மறுமொழி வந்தது. கடித உறையில் அனுப்பியவர் பெயர் இல்லை. ஒரே ஒரு தாள். முதல் மூன்று வரிகள் தட்டச்சில்: தாங்கள் குறிப்பிடும் பொருள் இருக்கிறது என்றோ இல்லை என்றோ உறுதிப்படுத்தும் நிலையில் நாங்கள் இல்லை, இது குறித்து மேலும் எழுத வேண்டாம். அடியில், நடுங்கிய கையெழுத்தில் ஒரு வரி: "நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அந்தக் கதவு இப்போது திறப்பதில்லை. கி. ஹா."

தன் வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுக் கதவுகளைத் தட்டாமல் திறந்த மனிதர்! அவர் கட்டிய கதவு அவருக்கே திறக்கவில்லை.

உமாபதி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனார். இம்முறை யோசேப்பே கதவைத் திறந்தார். உமாபதி ஜேர்மனில் இருந்த அந்த மூன்று வரிகளை வாசித்து, தமிழில் சொன்னார். யோசேப்பு தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்து, தானும் ஒருமுறை மெல்ல வாசித்தார்.

"இல்லை எண்டு சொல்லேல்லைத்தானே?"

"இல்லை எண்டும் சொல்லேல்லை. இருக்கெண்டும்..."

"இல்லை எண்டு சொல்லேல்லை," என்றார் யோசேப்பு மறுபடியும், அவரை இடைமறித்து. "அப்ப இருக்கிறாள்."

தாளை இரண்டாக மடித்தார். உள்ளே, மாதா படத்துக்குக் கீழே நின்ற டொறத்தியின் அசையாத படத்துக்குப் பின்னால் அதைச் செருகினார். திரும்பி வாசலுக்கு வந்து, மழையில் நனைந்து நின்ற உமாபதியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருவில் தமிழ்க் குடும்பம் ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. அவர்கள் நின்று பார்த்தார்கள்.

யோசேப்பு கதவைச் சாத்தினார்.